புகை போன திசை

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் ஊதுபத்தி ஏற்றினேன். உன் மூட்டுவலி குறையவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். தைலத்தை விடாமல் தேய்க்கிறாயா?

நாங்கள் பொருத்தி அனுப்பிய கம்ப்யூட்டர்கள் சூடேறி அணைந்துபோவதாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. முதலாளி நயினார் அண்ணாச்சி, ஃபேன் மாட்டும் முப்பிடாதி அக்காவை நேற்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார். "ஒரு ஸ்க்ரூவ ஒழுங்கா முறுக்கத் தெரியல. இனி வர வேண்டாம்."

திரும்பி வந்த ஒன்று மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஊதுபத்தியை அதன் அருகே கொண்டுபோனேன். பிராசஸர் மேலுள்ள உலோகத் தகடுகளுக்குள் இறங்கவேண்டிய புகை என் முகத்தில் அடித்தது. ஃபேன் தலைகீழாக இருந்தது. அதன் ஸ்டிக்கர் வாடிக்கையாளர் கண்ணில் படட்டும் என்று அப்படி மாட்டச் சொன்னதே அண்ணாச்சிதான்.

திருப்பி மாட்டினேன். மாலைவரை ஒருமுறைகூட அணையவில்லை. நான் படித்த பி.எஸ்ஸி. இருபது வருடம் கழித்து வேலைக்கு ஆனது அம்மா.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்போ தப்பு எம்மேலதானா?" என்றார்.

"ஸ்டிக்கர் மேலன்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். பட்டறையே சிரித்தது, அவரும்தான்.

"நாளையிலேர்ந்து செக்கிங் டேபிள் ஒனக்குத்தான் விஜயராணி."

ஊரிலிருந்து முத்துமாரி இங்கே வரும்போது கூழ்வற்றலும் உன் பழைய நூல்சேலை ஒன்றும் கொடுத்தனுப்பு. துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: அண்ணாச்சியே ஆண்டாப் ஹில்லில் இருக்கும் வீட்டுக்கே போய் முப்பிடாதி அக்காவைக் கூப்பிட்டு வந்தால்தான் அந்த நாற்காலியில் உட்காருவேன்.

உன் மகள்,
விஜயராணி