உலக்கைக்குக் காய்ச்சல்

செண்பகத்தை வாய் நிறைய ‘தாயி’ என்று அழைத்த என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. சாரல் தொடங்கிவிட்டது, ஐந்தருவிக்குப் போகிற கூட்டம் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் செத்தவரிடம்கூடப் பொய் சொல்ல வேண்டுமா? எனக்கு இன்னும் அந்தக் குதிரை செண்பகத்தின் மேல் பொறாமை தீரவில்லை.

எப்படித் தீரும்? ஜமீன் லாயத்தில் குதிரை பழக்குகிறவருக்கு வாழ்க்கைப்பட்டேன், சரி. அவளுக்கு ‘வாம்மா, தாயி’, எனக்கு ‘ஏட்டி’. அவளுக்கு அவித்த கொள்ளு. அந்தத் தண்ணீரில் எனக்கு ரசம். சாயங்காலமானால் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, அன்றைக்கு அவள் எத்தனை அடி ஆடினாள் என்று நோட்டில் எழுதுவீர்கள். ஆறு வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பீர்களா?

விடிந்ததும் மண்சுவருக்கு அந்தப் பக்கம் லாயத்தில் நீங்களும் அவளும். இந்தப் பக்கம் நானும் உரலும். “ஏட்டி, நிறுத்தாத! குத்திக்கிட்டே இரு!” என்று சத்தம் போடுவீர்கள். “ரெண்டு பேருக்கு எம்புட்டு நெல்லுதான் குத்த?” என்றால், “நெல்லு இல்லேன்னா உமியக் குத்து” என்பீர்கள். உமி குத்திக் கை சலித்த கதைதான். நான் சும்மா இருந்தால் உங்களுக்குப் பொறுக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஜமீன் காரியஸ்தர் வந்தார். நீங்கள் போனதிலிருந்து செண்பகம் புது ஆளுக்கு ஓர் அடிகூட ஆடவில்லையாம்.

“கலெக்டர் துரை இதோட ஆட்டத்தப் பாக்க வருதாரு. அன்னைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சுன்னா, தென்காசி ஜட்காக்காரனுக்குத் தள்ளிவிட்டுருவாக. அண்ணாச்சி எழுதுன நோட்டு இருக்காம்மா?”

“அது அவுகளோடயே எரிஞ்சு போச்சு” என்றேன். நோட்டு அரிசிப் பானைக்குள் இருந்தது. ஜட்கா இழுக்கட்டுமே என்று இருந்தது எனக்கு. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அவர் போனதும் நோட்டை அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனேன். இலஞ்சியில் நாலாம் வகுப்பு படித்தவள் அல்லவா, எரிப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் படித்துப் பார்த்தேன். ‘உலக்கை சீராக விழுந்தது. செண்பகம் நின்ற இடத்திலேயே பன்னிரண்டு அடி ஆடினாள்.’ அடுத்த பக்கத்தில், ‘உலக்கை கோபமாக இருக்கிறது, வேகம் அதிகம். செண்பகம் தடுமாறினாள்.’ இன்னொரு பக்கத்தில், ‘உலக்கைக்குக் காய்ச்சல். இன்று வேலை இல்லை.’

உலக்கைக்கு எங்கேயாவது காய்ச்சல் வருமா? அந்த ஆடியில் மூன்று நாள் சுருண்டு கிடந்தது நான்தானே. நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பத்து நாளும் பத்து வெற்றுப் பக்கங்கள். என் உலக்கைச் சத்தத்துக்குத்தான் அவள் கால் தூக்கப் பழகியிருக்கிறாள். பாவி மனிதரே, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்திருக்கும்? கோமதி என்று மூன்று எழுத்து எழுத உங்கள் பென்சிலுக்கு வலிக்குமா?

நீங்கள் போனதிலிருந்து, ஒரு வயிற்றுக்கு என்ன குத்துவது என்று நான் உரலைத் தொடாமலே இருந்தேன். மறுநாள் விடிந்ததும் உலக்கையை எடுத்தேன். வீட்டில் நெல் இல்லை, வெறும் உமிதான். இருபது குத்து விழுந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குளம்புகள் அதே சீரில் விழ ஆரம்பித்தன.

“எக்கா, நிறுத்திராதிய!” என்று புது ஆள் கத்தினார். “ஆடுது! செண்பகம் ஆடுது!”

அழுதுவிட்டேன். ஆனால் நிறுத்தவில்லை.

துரை நாளைக்கு வருகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டாயிற்று. அவளை ஜட்காவுக்குப் போகவிடமாட்டேன். என் கை ஓடுகிற மட்டும் குத்துவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நோட்டையும் இனி நானே எழுதுகிறேன். இன்றைய பக்கம் எழுதியாயிற்று: ‘கோமதி குத்தினாள். குதிரை இருபது அடி ஆடியது.’

பொறாமை இன்னும் பாதி மிச்சமிருக்கிற
உங்கள் சம்சாரம்,
கோமதி