அண்ணியின் பால்கனியில் உன் ரயில்

என் பிரியமுள்ள அண்ணா,

மட்டாஞ்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டோம். அண்ணி இப்போது களமசேரியில் ஹரியோடு அவன் ஃபிளாட்டில் இருக்கிறாள். உன் பொம்மை ரயிலும் அங்கேதான். ஆனால் அது அங்கே போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டால் நீ என்னைத் திட்டுவாய். திட்டு, பரவாயில்லை.

மாடி அறைக்குள்ளேயே மரம் வாங்கி அந்த ரயிலுக்கு மேசை செய்தாயே, அது என்றாவது கதவு வழியாக வெளியே போக வேண்டிவரும் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தாயா? நிறுத்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். சாமான் ஏற்ற வந்தவர்கள் கதவையே கழற்றிப் பார்த்தார்கள். ஒரு ஆணி இருந்தால் பிடுங்கியிருக்கலாம். நீயோ எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறாய்.

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு இதை இங்கேயே விட்டுவிடலாம் என்றான் உன் மகன் ஹரி. தப்பாகச் சொல்லவில்லை, பாவம். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை. நீ கண்ணை மூடியதிலிருந்து அந்த அறைக்குள் கால் வைக்காத அண்ணி, வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னாள்.

"வெட்டிக்கோ சாவித்திரி. ஆனா எறிய விடமாட்டேன்."

வெட்டினேன். ரம்பத்தை நானே பிடித்தேன். மேசைமேல் இருந்த காயல் பாலத்துக்குக் குறுக்கே, தண்டவாளத்தோடு சேர்த்து, இரண்டு துண்டாக. உன் ரயிலுக்காக நான் மைதாப் பசையும் பழைய பேப்பரும் வைத்துக் கட்டிய மலையை எறும்பு தின்று தீர்த்தபோது மூன்றாம் முறையும் கட்டியவள் இல்லையா நான்? இதற்கெல்லாம் அஞ்சுவேனா?

அஞ்ச வேண்டியது வெட்டுவதற்கு அல்ல, சேர்ப்பதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. ஃபிளாட்டின் அடைத்த பால்கனியில் இரண்டு பாதியையும் ஒட்டிப் போட்டேன். எஞ்சின் பாலத்தைக் கம்பீரமாகத் தாண்டும், கடைசிப் பெட்டி மட்டும் அந்த இணைப்பில் 'டக்' என்று இறங்கிவிடும். அரம் வைத்துத் தேய்த்தேன். புதுத் தண்டவாளம் வாங்கிப் பற்றவைத்தேன். டக். ஹரி போனில் ஏதேதோ வீடியோ காட்டினான். அதில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே தடவையில் ஓடிவிடுகிறது. அவர்கள் நம்மைப்போல் மனிதர்கள்தானா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளுருத்தியிலிருந்து பஸ் பிடித்துப் போய் இதே வேலை. அண்ணி அடுக்களையில் சாயா போடுவாள், இந்தப் பக்கம் வரமாட்டாள். ஒருநாள் அந்தச் சத்தம் அவளுக்கே சகிக்கவில்லை போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ தண்டவாளத்தையே பாத்திண்டிருக்கே. தரையைப் பாரு. மழைவெள்ளம் போறதுக்குச் சரிச்சுப் போட்டிருக்காக்கும்."

பால்கனித் தரை சரிவு! இத்தனை வாரம் அதன் மேல் நின்றுகொண்டுதான் திட்டிக்கொண்டிருந்தேன். மேசைக்காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் சொருகினோம். ரயில் பாலத்தைத் தாண்டியது. கடைசிப் பெட்டியும் தாண்டியது. ஒரு முழுச் சுற்று ஓடி முடித்தது.

நானும் ஒருதரம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று அண்ணி கேட்டாள். வேகக் குமிழை ஒரே திருப்பு. வண்டி வளைவில் பறந்து காயலில் போய் விழுந்தது. நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் அண்ணா.

"அவருக்கும் இப்படி விழுமா?"

"தினமும் விழும், அண்ணி."

"என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே. சாப்பிட வரும்போதெல்லாம், ஜோரா ஓடறதுன்னுதானே சொல்லுவார்."

ஏன் மறைத்தாய் அவளிடம்? கேலி செய்வாள் என்றா? செய்திருப்பாள். கேலி செய்துகொண்டே உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தும் இருப்பாள்.

இப்போது ஞாயிறுகளில் நான் போவதற்கு முன்பே அவள் பால்கனியில் இருக்கிறாள். பெட்டி கவிழ்ந்தால் அவளே எடுத்து வைக்கிறாள். இடையிடையே, அவர் இதில் என்னென்ன பாடுபட்டார் என்று கேட்கிறாள். ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன் அண்ணா, இது சத்தியம். நீ தோற்ற கதைகள் என்னிடம் எக்கச்சக்கம் இருக்கின்றன. அவளுக்கும் எனக்கும் ஆயுசுக்குப் போதும்.

உன் கூடப்பிறந்தவள்,
சாவித்திரி