இரண்டும் இரண்டாகவே இருக்கும்

இன்று காலை கணினியைத் திறந்ததும் புதிய டீம் லீடின் குறிப்பு கண்ணில் பட்டது: "இந்த இரண்டு கிளாஸும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்றாக்கி 'ரீட்ரை மேனேஜர்' என்று பெயர் வையுங்கள்." இரண்டும் நம் செயலிக்காக நீ எழுதிய நிரல் துண்டுகள். எனக்குக் கோபம் வந்தது.

குற்றாலத்து அருவிக் காவலர்களின் போனுக்குச் சேதி அனுப்பும் செயலியை நாம் இருவரும் எழுதிக்கொண்டிருந்த காலம். தண்ணீர் குறைந்தால் "குளிக்கலாம்". கூடினால் "எல்லாரையும் வெளியேற்று". சிக்னல் இல்லாமல் சேதி போகாவிட்டால், போய்ச் சேரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும் ஒரே 'ரீட்ரை' லூப்பை இரண்டு சேதிக்கும் எழுதியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

சோதனைக்காக நீ போனோடு ஐந்தருவிக்குப் போனாய். தென்காசி அலுவலகத்திலிருந்து நான் சேதிகளை அனுப்பினேன். திரும்பி வந்தவள், சாரலில் நனைந்த துப்பட்டாவைக்கூடப் பிழியாமல் போனை என் மேசையில் வைத்தாய். முதலில் அனுப்பிய "குளிக்கலாம்" வழியில் தங்கிவிட்டு, "வெளியேற்று" வந்த பிறகு வந்திருந்தது.

"ஏட்டி, இதை நம்பி ஒரு காவலர் ஆளுகள உள்ள விட்டிருந்தா?"

"சோதனைதானட்டி."

"தண்ணிக்கு அது தெரியுமா?"

அன்றே என் லூப்பை இரண்டாக உடைத்தாய். எச்சரிக்கைக்கு ஒன்று, காவலர் "பார்த்தேன்" என்று அழுத்தும்வரை விடாது. அதற்கு 'கேட்கும்வரை' என்று பெயர். அனுமதிக்கு இன்னொன்று, ஒவ்வொரு முறை அனுப்புமுன்னும் நிலைமை மாறியிருக்கிறதா என்று பார்க்கும், மாறியிருந்தால் சேதியைத் தூக்கி எறியும். அது 'இன்னும்உண்மையா'. கோடிங்குக்குள் தமிழ்ப் பெயரா என்று மேலாளர் சிரித்தார். "வெறும் ரீட்ரைன்னா எப்ப நிறுத்தணும்னு யாருக்கு சார் தெரியும்?" என்றாய். மாற்றவில்லை.

போன வருடம் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. முப்பத்திரண்டு வயது. அது விதி என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். நான் தலையாட்டவில்லை. இன்றும் ஆட்டமாட்டேன்.

டீம் லீடை அழைத்தேன். "ஒண்ணாக்க மாட்டேன் சார்."

ஐந்தருவியில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சரி, ரெண்டாவே இருக்கட்டும். பேரையாவது மாத்துங்க."

"பேரு போச்சுன்னா அடுத்து வாரவங்க மறுபடி ஒண்ணாக்கிருவாங்க. வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க. என் கை செய்யாது."

குறிப்பை நீக்கிவிட்டார். பிறகு புதிய வேலை ஒன்றைச் சொன்னார்: காவலர்கள் ஷிப்ட் மாறும்போதும் சேதி போக வேண்டுமாம். நான் உடனே எழுதத் தொடங்கவில்லை.

"இது தாமதமாப் போனா, அங்கன நிக்குத ஆளுக்கு என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன்.

என் வாயிலிருந்து வந்தது உன் கேள்வி என்பது அவருக்குத் தெரியாது.