முட்டையில் எழுதிய ‘பே’

தை 12, 2025

பூசை முடிந்து வந்தால் முற்றத்தில் பெரிய டொக்டர் நிற்கிறார். வேறு யார், இவருடைய தம்பி நிறோஜன்தான். கட்டுக்கரைப் பக்கம் கோழிப்பண்ணையில் கொஞ்சக் காலம் கூட்டித் துடைத்தவன். கையில் ஒரு லைற். முட்டையில் பிடித்தால் உள்ளே சேவலா பெட்டையா என்று தெரியுமாம். தன் செருப்பில் எது இடது என்று தெரியாதவன்!

“சேவலுக்கு ஏன் மச்சாள் தீன் போடுவான்? முட்டையிலயே கழிச்சு விடுவம்.”

இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார். குஞ்சு பொரிக்கிற மெஷின் என் குவைத் உழைப்பு; உள்ளே முட்டை வைத்து ஒரு கிழமை. இந்த முறை பெட்டை தேறாவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பவும் குவைத்துக்குத்தான். அது இவர்களுக்கு விளையாட்டு.

தை 13

பென்சிலால் முட்டைகளில் கிறுக்கிவிட்டு, “எழுதியிருக்கு, பாத்துக் கழிச்சு விடண்ணை” என்று பஸ் ஏறிவிட்டான். நான் கீரிக் கடற்கரைக்குப் போய் வரமுன் இவர் கழித்து முடித்துவிட்டார். கழித்த கூடைக்குள் கிடந்ததெல்லாம் ‘பே’. பேயனின் பே! தன் பெயரைத் தானே எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

உயிர் உள்ள முட்டையை எறிய மனம் வரவில்லை. வீம்பும்தான். அடை கிடந்த கறுப்பிக் கோழிக்குக் கீழே வைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை.

தை 27

மெஷினிலும் கறுப்பிக்குக் கீழேயும் பொரித்துவிட்டது. நிறோஜன் போனில்: “மெஷினில எல்லாம் பேடு மச்சாள், நம்புங்கோ.” பேடாம்! பெட்டை என்று சொன்னால் வாய் கோணிவிடும்.

மாசி 9

குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் திரும்பவும் கோல். பங்குனி முடியட்டும் என்றேன்.

பங்குனி 25

மெஷின் குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்துவிட்டது. சேவல், சேவல், சேவல்! ஒன்று கூவவும் பழகுகிறது.

“ஒரு பெட்டையாவது...” என்று இவர் தலையைச் சொறிகிறார்.

“உங்கட தம்பியிட்டக் கேளுங்கோ!”

அறைக்குள் போய் அழுதேன். திரும்பவும் அந்தக் குவைத் வீட்டுக் குசினியில சமையலா? என்ர பிள்ளையளை விட்டிட்டா? ஏலாது — ஏலாது.

பின்னேரம்தான் கறுப்பியின் குஞ்சுகளை ஒழுங்காகப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் பெட்டை.

பங்குனி 26

நிறோஜன் வந்தான். கிழித்துத் தோரணம் கட்டக் காத்திருந்தேன். அதற்குள் அவன் இவரிடம், “எதையண்ணை மெஷினில விட்டனீங்கள்?” என்று கேட்டான்.

“சே எண்டா சேர்த்து வை. பே எண்டா பேந்து, பிறகு பாப்பம். அப்பிடித்தானே?”

“ஐயோ அண்ணை! சே சேவல், பே பேடு!”

இப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். ஒருவனுக்கு முழுச்சொல் எழுதப் பஞ்சி. மற்றவருக்குக் கேட்கப் பஞ்சி. அப்போ அந்தப் பேயன் சொன்னது சரியா? ஒரு பாராட்டும் சொல்லவில்லை. தலையில் ஏறி இருந்துவிடுவான்.

ஆடி 6

கறுப்பியின் மகள் ஒருத்தி முதல் முட்டை போட்டாள். ஏஜென்சிக்காரனின் நம்பரை அழித்தேன்.

பிறகு நிறோஜனுக்குக் கோல் எடுத்தேன். “லைற்றைக் கொண்டு வா. உன்ர அண்ணரைக் கிட்ட விடாத. பேடு எண்டு முழுசா எழுது.”