புது பஸ் சாவி

புரட்டாசி 19, திங்கள். காலையில் தூறல்.

ஏகாம்பரத்துக்குக் கண் தெரியாது. ஷெட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் ஆயுத பூசையன்று புது பஸ்ஸின் சாவி அவருக்குத்தான். இங்கே வழக்கம் அது. முதலாளி தட்டில் சாவியை வைத்துக் கற்பூரம் காட்டுவார், மூத்த டிரைவர் எடுத்துக்கொள்வார். மூத்தவர் என்றால் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர். அவ்வளவே தகுதி.

நான் இரண்டாம் டிரைவர். ஆறு வருடமாக. என் பெட்டியில் பிரெஞ்சு சர்க்கார் கொடுத்த பெர்மி, வண்டி ஓட்டலாம் என்ற லைசென்ஸ். ஆனால் ஓட்டுவது அவர், பார்ப்பது நான். பக்கத்தில் உட்கார்ந்து கதவுத் தகரத்தைத் தட்டுவேன். ஒரு தட்டு: எதிரே வண்டி. இரண்டு: பிரேக். விரலெல்லாம் காய்ப்பு.

20, செவ்வாய். வெயில்.

தவளக்குப்பம் தாண்டி வைக்கோல் வண்டி. நான் தட்டவில்லை. வேண்டுமென்றே. அவர் வேகம் குறையவே இல்லை. கடைசி நொடியில் இரண்டு தட்டு. மாட்டின் கொம்பு உரசிப் போனது.

"இன்னாடா, தூங்கிட்டியா?"

"உங்களுக்குத் தெரியலியாண்ணே?"

கையை வேட்டியில் துடைத்தார்.

வாங்க வேண்டியது: சோப்பு, விளக்குத் திரி.

21, புதன்.

முதலாளியிடம் சொல்லப்போகிறேன் என்றேன். மெக்கானிக் காதர் பஸ்ஸுக்கு அடியில் படுத்தபடியே பேசினான்.

"சொல்லு. மூப்பு வரிசை போயிடும். அது போச்சின்னா அப்பறம் மொதலாளி வச்சதுதான்பா சட்டம்."

"கண்ணு தெரியாதவரு ஓட்டலாமா?"

"ஓட்டக்கூடாது. ஆனா அந்த வரிசையிலதான் நீ ரெண்டாவதா நிக்கிற. அத்த நெனச்சிக்கோ."

பயந்தாங்கொள்ளி. முப்பது உயிர் பெரிதா, வரிசை பெரிதா?

உள்ளபடி எழுதினால்: சாவியும் எனக்கு வேண்டும். இரண்டும் உண்மை.

மாலை சொல்லிவிட்டேன். முதலாளி என் தோளில் கை போட்டார். "நீ சொல்றது நாயம்டா. இனிமே தெறமைதான். மூப்பு கீப்பெல்லாம் கெடயாது."

வீடு வந்து சேர்ந்ததே தெரியவில்லை.

23, வெள்ளி. ஆயுத பூசை.

சந்தனம், பொரி, புது பெயின்ட் வாசனை. ஏகாம்பரம் வழக்கம்போல் முன்னால் போய்க் கை நீட்டினார். முதலாளி தட்டை இழுத்துக்கொண்டார். கை காற்றில் துழாவியது. எல்லாரும் பார்த்தோம்.

தட்டு என் பக்கம் திரும்பும் என்று நின்றேன். முதலாளியின் மச்சான் மகன் வந்து எடுத்தான். கடலூரில் நாலு மாதம் யாருடைய காரையோ ஓட்டியவன்.

"தெறமசாலி," என்றார் முதலாளி.

காதர் என் பக்கம் திரும்பவே இல்லை. பொரி தின்றான்.

25, ஞாயிறு. புழுக்கம்.

புது பஸ். மச்சான் மகன் ஓட்ட, பக்கத்தில் நான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. பிரேக் எப்போது என்றுதான் தெரியவில்லை. தட்டுகிறேன்.

கிருமாம்பாக்கத்தில் ஏகாம்பரம் ஏறினார். பயணியாக. படியைக் காலால் தேடினார். கைகொடுத்து ஏற்றினேன். காய்ப்பைத் தொட்டதும் ஆள் யாரென்று தெரிந்திருக்கும். கையை உருவிக்கொண்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"நான் மொதலாளிகிட்ட சொன்னது பொய்யாண்ணே?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்ப்பதுபோல்.

"உங்க வாயால சொல்லுங்க. உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிதா, இல்லியா? சொல்லுங்கண்ணே."