படிக்காமல் விட்ட ஒரு வரி

என் அருமை அண்ணா,

சௌக்கியமா என்று எழுதத்தான் கை போகிறது. பழக்க தோஷம். ஐம்பது வருஷத்துக்கு மேலாக உங்களுக்கு எழுதாதவள் இன்று உட்கார்ந்ததற்கு ஒரு போன்தான் காரணம்.

போன வாரம் ராசிபுரத்திலிருந்து ஒருத்தர் பேசினார். கடற்படையில் இருந்தவராம். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் உங்கள் கப்பல் முழுகியபோது பக்கத்துக் கப்பலில் இருந்தாராம். "ஏனுங்கம்மா, உங்க அண்ணன் எழுதுன லெட்டரு ஏதாச்சும் இருக்குதுங்களா? அந்தக் கப்பல்ல போன பசங்கள நெனைச்சு நாமக்கல்லுல ஒரு கூட்டம் வெக்கறோம். ஊட்டுக்காரங்க வந்து படிச்சா நல்லாருக்குமுங்க" என்றார்.

நான் பேச்சை மாற்றி, "அது சின்னக் கப்பல்தானுங்களே, அதையப் போயி ஏனுங்க அடிச்சாங்க?" என்று கேட்டேன். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்கத் தைரியம் வராத கேள்வி.

"பெரிய கப்பலுக்குக் காவலாப் போறதே அதுதானுங்கம்மா. தண்ணிக்கடியில நீர்மூழ்கி இருக்குதான்னு தேடீட்டே முன்னாடி போகோணும். அடி விழுந்தா மொதல்ல அதுக்குத்தான். கீழ இன்ஜின் ரூம்ல இருந்தவங்களுக்கு ஏணி ஏறக்கூட நேரமில்லீங்க."

நீங்கள் இன்ஜின் ரூமில்தானே இருந்தீர்கள்? போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அண்ணா, நீங்கள் கடைசிக்கு முந்தின கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். இருக்கிற பெரிய கப்பலிலேயே இருக்கலாம், இல்லை காவல் கப்பலுக்கு மாறலாம். மாறினால் தையில் என் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கும் போலிருக்கிறது. அப்பாவைக் கேட்டு எழுது என்று. லாரி ஓட்டி ஊரெல்லாம் சுற்றிய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் படித்தால் உண்டு, நான் எழுதினால் உண்டு.

"கடல் சமாச்சாரம் நமக்கென்ன சாமி தெரியும்? பழகுன வண்டிய உட்டு எறங்க வேண்டாம். இருக்கற கப்பல்லயே இருக்கச் சொல்லி எழுது" என்றார் அப்பா.

நான் எழுதியது, "அப்பா உங்களைச் சின்னக் கப்பலுக்கே மாறச் சொல்கிறார்."

கெட்ட புத்தி, அண்ணா, வேறென்ன சொல்ல? கல்யாணத்தில் நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். செக்போஸ்ட்டில் பெரிய லாரியைத்தான் மறிப்பார்கள், சின்ன வண்டியைச் சும்மா விட்டுவிடுவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள்தானே! கடலிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

காவல் கப்பலோடு நீங்களும் முழுகிவிட்டீர்கள் என்று தந்தி வந்து நாலு நாள் கழித்து உங்கள் கடைசிக் கடிதம் வந்தது. "படி சாமி" என்றார் அப்பா. நடுவில், "அப்பா சொன்னபடியே மாறிவிட்டேன், அவர் பேச்சை நான் எப்போது தட்டியிருக்கிறேன்" என்று ஒரு வரி. அதை மட்டும் விழுங்கிவிட்டுக் கீழ்வரிக்குப் போனேன். அப்புறம் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் காவிரியில் முழுகி வந்து, உங்கள் படத்துக்குப் படையல் போட்டுவிட்டு, அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அந்த வரியைத் தாண்டினேன்.

அதனால் நீங்கள் அவர் பேச்சை மீறிப் போய்ச் செத்தீர்கள் என்றே அப்பா நம்பினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எம் பேச்சக் கேட்டிருந்தா எம் பையன் இருந்திருப்பானுங்க" என்பார். அந்த அழுகையில் கோபமும் இருக்கும். சாகக் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து, "அவன் ஏஞ் சாமி அப்பன் பேச்சக் கேக்காமப் போனான்?" என்றார். அப்போதாவது வாயைத் திறந்தேனா? "தூங்குங்கப்பா" என்றேன். இதில் எனக்கு ஊரில் வாயாடி என்று பேர்!

இப்போது எல்லோரும் போனிலேயே முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள், அண்ணா. அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நீங்களும் அப்பாவும் நேராகப் பேசியிருப்பீர்கள். நடுவில் நான் எதற்கு?

நேற்று என் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உடுங்கம்மா, அந்த வரிய உட்டுட்டுப் படிங்க. இப்ப யாருக்குத் தெரியப் போவுது?" என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படி நினைத்துத்தான் இவ்வளவு காலம் ஓட்டினேன்.

அங்கே அப்பா உங்களோடு பேசுகிறாரா, அண்ணா? "நீங்க சொல்லித்தானே போனேன்" என்று நீங்களும், "நான் எப்படா சொன்னேன்" என்று அவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்களோ?

உங்களோடு முழுகியவர்களின் வீட்டாரும் கூட்டத்துக்கு வருவார்கள். அவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு பகைவனாவது இருக்கிறான். நான் எழுந்து நின்று உங்கள் கடிதத்தைப் படிப்பேன், ஒரு வரி விடமாட்டேன். அதை இத்தனை காலம் மறைத்தவள் நான்தான் என்றும் சொல்வேன். சொந்தபந்தம் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நீங்கள் அப்பன் பேச்சைத் தட்டாத பிள்ளை என்று ஊரே கேட்கும். அப்பா கேட்கத்தான் வழியில்லாமல் பண்ணிவிட்டேன்.

உங்களைக் கப்பல் மாற்றி அனுப்பிய
தங்கச்சி சரசு