குறி சொல்லாத அம்மன்

தென்னூர்,
பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வித்யா வணக்கத்துடன் எழுதுவது. அனுப்புநர் இடத்தில் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று உங்கள் தம்பி பெயரைப் போட்டிருக்கிறேன். மன்னிக்கவும். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். குடும்ப குரூப்பை விட்டும் போய்விட்டீர்கள். 'என் வாசப்படி மிதிக்காதே' என்றும் சொல்லிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது தபால்காரர் ஒருவர்தான்.

குழந்தைக்கு உங்கள் அப்பா மருதையின் பெயரை வைக்காமல் ஸ்ரீநாத் என்று வைத்தது தப்புதான். ஆனால் வீட்டில் அவனை மருதை என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயருக்குத்தான் திரும்பியும் பார்க்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். மருதைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், பச்சைக் குழந்தைகளுக்கெல்லாம் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்களாம். சும்மாதானே என்று நாங்களும் காட்டினோம். அவனுக்கு இருக்கிறது அண்ணி.

பதறாதீர்கள். ஓட்டை இல்லை, அடைப்பு இல்லை. ஒரு துடிப்பு முடிந்ததும் அடுத்ததற்கு இதயம் தயாராக வேண்டுமாம். இவனுக்கு அந்த நேரம் கொஞ்சம் நீளம். அப்போது திடீரென்று பெரிய சத்தம் கேட்டாலோ பயந்தாலோ துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழலாம். சில சமயம் எழுந்திருக்காமலும் போகலாம். இதைக் கேட்டதும் நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். டாக்டர் லிசி, "மருந்தைத் தவறாமக் கொடுங்க, மத்தப் பிள்ளைங்க மாதிரியே வளருவான்" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று முதல் உங்கள் தம்பி படுத்தும் பாடு தாங்கவில்லை. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே ஓடிவந்து அடுப்பை அணைக்கிறார். நாங்கள் அரை வேக்காட்டுச் சோறு சாப்பிடுகிறோம். "அவ்வளவெல்லாம் வேண்டாங்க" என்று டாக்டரே சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் இ.சி.ஜி. எடுத்தார்கள். எனக்கு இல்லை. அவருக்கு இருக்கிறது. அதனால் கூடப் பிறந்த நீங்களும், உங்கள் மகள் அகிலாவும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். "குடும்பத்துல யாராவது மயங்கி விழுந்திருக்காங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள் தம்பி விட்டத்தைப் பார்த்தார்.

உங்களிடம் நேரில் சொல்லத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவரை அனுப்பினேன். பூரி நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். வேறெதுவும் பேசவில்லையாம்.

தயவுசெய்து வாருங்கள்.

உங்கள்,
வித்யா


ஸ்ரீரங்கம்,
பிப்ரவரி 12

அன்புள்ள வித்யாவுக்கு (அப்படிப் போடுவது வழக்கம், அதனால் போட்டிருக்கிறேன்),

நேற்றுத் தைப்பூசம். கொள்ளிடக்கரையில் நம் ரங்கநாதர் தங்கச்சி சமயபுரத்தாளுக்குப் புடவை, மாலை என்று சீர் அனுப்பினார். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், என் தம்பி பெயர் போட்ட கவர். பரவாயில்லையே, நம் தம்பிக்கும் அக்கா ஞாபகம் வந்துவிட்டதே என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே, எனக்கு வியாதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நீ! சீர் என்றால் இதுவல்லவா சீர்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சமயபுரத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். அவன் என் தம்பி பிள்ளை, உன் மேல் உள்ள கோபத்தை அவன் மேல் காட்ட நான் கல் இல்லை. வேளா வேளைக்கு மருந்து கொடு.

ஆனால் எங்கள் வம்சத்தைக் குறை சொல்லாதே. எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆயுசுக்கும் சம்மட்டி அடித்தவர். அந்தச் சத்தத்தில் உன் அப்பா அரை மணி நேரம் நிற்பாரா? அவர் நெஞ்சுக்கு எதுவும் ஆகவில்லை. என் தம்பிக்கும் கல்யாணம் வரை எதுவும் இல்லை. உன்னைக் கட்டிக்கொண்ட பிறகு அவன் நெஞ்சு படபடத்தால் அதற்கு நாங்களா பொறுப்பு?

மயங்கி விழுந்தவர்கள் யார் என்று கேட்டார்களாமே. ஒருத்தர் கிடையாது என்று அந்த டாக்டரம்மாவிடம் சொல். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மயக்கம் வராது. அம்மன்தான் வருவாள். அப்பாவோடு பிறந்த காளியாயி அத்தைக்கு வந்தாள். எனக்கு வருகிறாள். போன வருஷம் சமயபுரம் பூச்சொரிதல் திருவிழாவில் என் அகிலாண்டத்துக்கும் வந்துவிட்டாள். ஏழு வயசில்! தெருவே அவள் காலில் விழுந்தது. இதையெல்லாம் மிஷினில் எடுக்க முடியுமா?

நாங்கள் வரவில்லை.

உமாமகேஸ்வரி

பி.கு: பூரிக்கு உருளைக்கிழங்கு நான்தான் வைத்தேன். அவன் அதைச் சொன்னானா?


தென்னூர்,
பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

உருளைக்கிழங்கைப் பற்றித்தான் முதலில் சொன்னார்.

மருதைக்காக நீங்கள் முடிந்து வைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அகிலாவுக்கு அம்மன் வந்ததை எங்களுக்கு யாருமே விவரமாகச் சொல்லவில்லையே? அப்போது நான் மாசமாக இருந்ததால் கூட வர முடியவில்லை. நம் வீட்டுக்கு அம்மன் எப்படி வருவாள் அண்ணி? ஆடுவாளா, குறி சொல்வாளா? எந்த நேரத்தில் வருவாள்? காளியாயி அத்தைக்கு எப்படி? தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே கேட்கிறேன். வம்புக்கு இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையா இருக்கே" என்று மட்டும் முணுமுணுத்தார்.

உங்கள்,
வித்யா


ஸ்ரீரங்கம்,
பிப்ரவரி 20

அன்புள்ள வித்யாவுக்கு,

இப்போதாவது கேட்கத் தோன்றியதே. வீட்டுக்கு வந்த மருமகள் இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அவன் குதிர் என்றானா, கும்பகோணம் என்றானா, அதை விடு.

எங்கள் பக்கத்துத் தெரு பொன்னுத்தாய்க்கு வருகிற அம்மன் ஆட்டமென்றால் ஆட்டம். எலுமிச்சம்பழம் கேட்பாள், கற்பூரம் கேட்பாள், பொன்னுத்தாய் மாமியார் செய்த அக்கிரமத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லி நியாயமும் கேட்பாள். நம் அம்மன் அப்படி இல்லை. மரியாதை தெரிந்தவள். தப்பட்டைச் சத்தம் திடீரென்று எழும்பும், இல்லையென்றால் வேட்டுப் போடுவார்கள். கண்ணை இருட்டும். அவ்வளவுதான், சாய்த்துவிட்டுப் போய்விடுவாள். கண் திறந்தால் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர், சுற்றிலும் ஜனம். ஒருத்தி தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று என் காதுக்குள் கத்திக் கத்திக் கேட்டாளாம். நான் வாயே திறக்கவில்லையாம். அதிலிருந்து எனக்குக் 'குறி சொல்லாத அம்மன்' என்றே பெயர். என் வீட்டுக்காரர், உன் அண்ணன் கூட, "வீட்டுல பேசுற பேச்சுக்கு அங்கயாவது ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா" என்று கிண்டல் செய்வார்.

ஒரு தடவை வீட்டிலேயே வந்தாள். மத்தியானம் கண்ணசந்திருந்தேன், காலிங் பெல் அடித்தது, எழுந்தவள் நிலைப்படியிலேயே சாய்ந்துவிட்டேன். கூரியர்காரன் பார்சலைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். எவ்வளவு பக்தி பார்.

காளியாயி அத்தைக்கு நம் எல்லாரையும் விடப் பெரிய அருள். தேரோட்டத்தன்று வேட்டுச் சத்தத்தில் சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. முப்பது வயசு. அம்மனே தன்னோடு வைத்துக்கொண்டாள் என்று அப்பா சொல்வார். படம் வைத்துக் கும்பிடுகிறோம்.

இந்த வருஷம் பூச்சொரிதல் முதல் ஞாயிற்றுக்கிழமை அகிலா பூத்தட்டு எடுக்கிறாள். தப்பட்டைக்காரர்களுக்கு நேர் முன்னால் அவளை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், விரதம். நீயும் தம்பியும் வரலாம். வாசப்படி விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அண்ணி,
உமாமகேஸ்வரி


தென்னூர்,
பிப்ரவரி 23

அண்ணி,

இதை உங்கள் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும் வரை அவர் உட்கார்ந்திருப்பார். பூரி கொடுத்துவிடாதீர்கள், வந்த காரியத்தை மறந்துவிடுவார்.

உங்கள் கடிதத்தை டாக்டர் லிசியிடம் வாசித்துக் காட்டினேன். காலிங் பெல் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காளியாயி அத்தை இடத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "அந்தக் குழந்தையை அன்னைக்கு அங்க நிறுத்தக்கூடாது, முதல்ல இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

கோபப்படுங்கள், என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. பொன்னுத்தாய்க்கு அம்மன் வருகிறாளா என்று நான் பேசவில்லை. அது எனக்குத் தெரியாத விஷயம். நான் கேட்பது ஒன்றுதான். சமயபுரத்தாள் யார் அண்ணி? மற்ற சாமிக்கெல்லாம் நாம் விரதம் இருக்கிறோம். பூச்சொரிதல் தொடங்கியதும் நமக்காகத் தானே பச்சைப் பட்டினி கிடக்கிறவள் அவள். துள்ளு மாவும் நீர்மோரும்தான் அவளுக்கு நைவேத்தியம். பிள்ளைகளுக்காகச் சோற்றை விட்டவள், ஏழு வயசுப் பிள்ளையைத் தரையில் தள்ளிவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போவாளா? காளியாயி அத்தையை முப்பது வயசில் பறித்துக்கொண்டு போவாளா? அவள் அப்படிப்பட்டவள் என்று நான் நம்ப மாட்டேன். நீங்களும் நம்பாதீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. மருதையை நினைத்து வருகிற பயத்தை விட அகிலாவை நினைத்து வருகிற பயம்தான் அதிகம். இவனுக்கு மருந்து இருக்கிறது. அவளுக்கு இன்னும் ஒன்றும் இல்லை.

இ.சி.ஜி. எடுக்க வலிக்காது. ஒன்றும் இல்லை என்று வந்தால், உங்கள் வீட்டு வாசலில் தெரு பார்க்க உங்கள் காலில் விழுகிறேன். பெயரையும் மருதை என்றே மாற்றி எழுதிவிடலாம்.

வித்யா


ஸ்ரீரங்கம்,
மார்ச் 21

அன்புள்ள வித்யாவுக்கு (இது வழக்கத்துக்காகப் போட்டதில்லை),

தம்பி உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பான். மீதியை நான் எழுதுகிறேன்.

உன் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். நீ காலில் விழும்போது கட்டிக்கொள்ளப் பட்டுப்புடவையைக் கூட எடுத்து வைத்துவிட்டுப் போனேன். முதலில் அகிலாவைப் படுக்க வைத்தார்கள். அங்கே பிலோமின்ராஜ் என்று ஒரு தம்பி, "ஆடாமப் படு பாப்பா, உன் நெஞ்சு படம் வரையப் போகுது" என்றான். அவள் சிரித்துக்கொண்டே கிடந்தாள். தாள் வந்தது. அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அடுத்தது நான். எனக்கும் அதே.

நான் விடவில்லை. "உங்க மிஷின் சமயபுரத்தாளை விடப் பெருசா?" என்று டாக்டரம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. "சாமி வர்றது நான் படிச்ச பாடம் இல்லைங்க. விழுறதுதான் என் பாடம். குடும்பத்துல யாராவது இப்படி விழுந்திருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எங்க காளியாயி அத்தை" என்று வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அத்தையைக் கும்பிட்டிருக்கிறோம். ஒரு நாளும் அவளுக்காக அழுததில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்து அழுதேன். அகிலாதான் தன் கவுனால் என் மூக்கைத் துடைத்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். பூச்சொரிதல் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை. பொன்னுத்தாய் வந்து, "என்னக்கா, இந்த வருஷம் அம்மன் வரலையா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். வித்யா, உள்ளதைச் சொல்கிறேன், வலித்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாலு பேர் என்னைக் கும்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் நான் வெறும் உமா. அந்த ஒரு நாளையும் மாத்திரை தின்றுவிட்டது. இதை உன் அண்ணனிடம் கூடச் சொல்லவில்லை.

மாத்திரை பழகிய பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டோம். கூட்டம் இல்லாத நாளில், மேளத்துக்குத் தள்ளி நின்று பார்க்கலாம், வெறும் வயிற்றோடு மட்டும் போகக் கூடாது என்றார். நேற்றுக் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கோயிலில் கடைசி வரிசையில் போய் நின்றோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடைகள் வந்தன. தப்பட்டை எங்கோ தூரத்தில் கேட்டது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் பூப் போட்டார்கள். மல்லிகை, அரளி, மரிக்கொழுந்து, கூடை கூடையாக. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து பூச்சொரிதலுக்குப் போகிறேன், பூச் சொரிவதை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை வித்யா. அந்த நேரத்துக்கு நான் கீழே கிடப்பேன். நேற்றுத்தான் நின்று பார்த்தேன். அம்மன் கழுத்து வரைக்கும் பூவில் மூழ்கிவிட்டாள், முகம் மட்டும் தெரிகிறது. "அம்மா, அவங்க நம்மளைத்தான் பாக்குறாங்க" என்று அகிலா கத்தினாள். பஞ்சு அடைத்திருந்தும் எனக்குக் கேட்டது.

குழந்தை பெயரை மாற்றாதே. ஸ்ரீநாத்தே இருக்கட்டும். மருதை என்று நான் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. தம்பிக்குப் பூரி உண்டு. வாசலில் பெல்லைத் தேடாதே, கழற்றிப் போட்டுவிட்டேன். "அண்ணி" என்று கூப்பிடு, திறக்கிறேன்.

உன் அண்ணி,
உமா